அம்மா நடக்குறாங்க, பேசுறாங்க, ஆனா தானா ஒன்னும் செய்ய மாட்டேங்குறாங்க. 6 மாசத்துக்கு மேல முன்னேற்றமே இருக்காதா?

செந்தூல் தம்பி, 4 நவம்பர் 2024, இரவு 11.20

அம்மாவுக்கு 52 வயசு. ஏப்ரல்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மண்டைக்குள்ள ரத்தக்கட்டு, ஆப்பரேஷன், ஐசியூ எல்லாம் ஆகி இப்ப வீட்டுல இருக்காங்க. நடக்குறாங்க, கேட்டா பதில் சொல்றாங்க. ஆனா நாள் முழுக்க சோஃபாவுலயே உக்காந்திருக்காங்க, தட்ட முன்னால வச்சாலும் சாப்பிடுங்கம்மான்னு சொன்னாத்தான் கை போகுது. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க "நல்லாத்தானே இருக்கா"ன்னு சொல்லிட்டு முறுக்கு தின்னுட்டு போயிட்டாங்க. அண்ணன் ஒரு படி மேல போயி அம்மா நடிக்கிறாங்க, நாமதான் எல்லாம் செஞ்சு குடுத்து சோம்பேறி ஆக்கிட்டோம்ங்குறாரு. 6 மாசத்துல வந்ததுதான் வரும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கன்னும் சொல்றாங்க. உண்மையா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஜெலுத்தோங் அக்கா, 5 நவம்பர் 2024, காலை 6.05

தம்பி, நடிக்கணும்னா முதல்ல நடிக்கணும்னு தோணணும். உங்கம்மாவுக்கு அந்த தோணுறதுதான் அடிபட்டிருக்குன்னு நெனக்கிறேன். அண்ணன்கிட்ட இத மட்டும் சொல்லுங்க, மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்.

எங்கம்மாவுக்கு 2021 ஆரம்பத்துல. அப்பா மோட்டர்சைக்கிள்ல பின்னால உக்காந்து போறப்ப சிம்பாங்ல (ரோட்டுச் சந்தியில) ஒரு காடி (கார்) வந்து அடிச்சிருச்சு. அப்பாவுக்கு கால், அம்மாவுக்கு தலை. ஜிசிஎஸ் (நெனவு எவ்ளோ இருக்குன்னு போடுற மதிப்பெண்) 6ன்னு சொன்னாங்க, மொத்தம் 15, 8ம் அதுக்கு கீழயும் போனா கடுமையான காயம்னு கணக்கு. அப்ப எம்சிஓ (கொரோனா நடமாட்டத் தடை) நேரம், வார்டுக்குள்ள விடல, ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) தன்னோட போன்லேர்ந்து வீடியோ கால் போட்டு காட்டுவாங்க, அம்மா மொகம் வீங்கி யாருன்னே தெரியாது, நாங்க இந்தப் பக்கம் அம்மா அம்மான்னு கத்துவோம், அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேக்கும். கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்குற தங்கச்சி மாநிலம் தாண்ட முடியாம அக்டோபர் 11ம் தேதி தடை எடுத்த பிறகுதான் பினாங்குக்கே வந்தா. அதுக்குள்ள அம்மா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால அவ பாத்தது நடக்குற அம்மாவ. முன்னாடி நடந்தது எதுவும் அவளுக்கு தெரியாது. எங்க வீட்டு சண்டைக்கெல்லாம் வேர் அங்கதான், அத பின்னால எழுதறேன்.

6 மாசம் கதைக்கு வர்றேன். முதல் 6 மாசத்துல வேகமா ஏறும், அது உண்மை. அதோட கதவ சாத்திருவாங்கங்குறது உண்மை இல்ல. வேகம் கொறையுது, அவ்ளோதான். எங்கம்மா தானா எழுந்து வாசல் வெளக்கு போட்டது மூணாவது வருஷத்துல.

அதே நாள், மதியம் 1.40

வேலைக்கு நடுவுல எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

மூளையோட முன்பக்கம், நெத்திக்கு பின்னால இருக்குற பகுதி, அங்க அடிபட்டா கை கால் பேச்சு எல்லாம் சரியா இருக்கும், ஆனா "இப்ப இத செய்யணும்"னு ஆரம்பிக்கிறது நடக்காது. மோட்டர்ல என்ஜின் நல்லா இருந்து ஸ்டார்ட்டர் செத்துப்போனா எப்படி, யாராவது கிக் அடிச்சா ஓடும், தானா ஓடாது. எங்கம்மாவ குளிங்கன்னு சொன்னா அழகா குளிச்சுட்டு வருவாங்க, சொல்லலன்னா ராத்திரி வரைக்கும் அப்படியே இருப்பாங்க, பசிக்குதான்னு கேட்டா பசிக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா பசிக்குதுன்னு தானா வாயத் தொறக்க மாட்டாங்க. அவங்களுக்கு கவலையும் இல்ல, அதான் பாக்குறவனுக்கு எரிச்சலா இருக்கு. நாம வேர்த்து விறுவிறுத்து ஓடறோம், அவங்க டிவி கூட போடாம சுவத்த பாத்துட்டு நிம்மதியா இருக்காங்க.

கை கால் வராம போனா ஊரே பாவப்படும். இதுக்கு யாரும் பாவப்பட மாட்டாங்க, ஏன்னா கண்ணுக்கு தெரியாது. சக்கர நாற்காலியில இருந்த வரைக்கும் எங்க பெரியம்மா வாராவாரம் சூப் வச்சு கொண்டாந்தாங்க. அம்மா நடந்ததும் சூப் நின்னுபோச்சு.

7 நவம்பர் 2024

மேல ரொம்ப உறுதியா பேசிட்டேன்னு தோணுது, அதனால ஒன்னு சேர்க்குறேன். நான் டாக்டர் இல்ல. அது முன்மூளைதான்னு நீங்களே முடிவு கட்டிராதீங்க, ஏன்னா சும்மா உக்காந்திருக்கறதுக்கு வேற காரணங்களும் இருக்கு, அதுல சிலது மருந்து குடுத்தா சரியாகுறது. மனச்சோர்வு இருக்கலாம், தலையில அடிபட்டவங்களுக்கு அது ரொம்ப சகஜம். வலிப்பு வராம இருக்க குடுக்குற மாத்திரையால சோர்வு வரலாம், கெப்ரா மாதிரி சிலதுல எரிச்சலும் கோவமும் வரும் (நீங்களா நிறுத்திராதீங்க, நிறுத்தி வலிப்பு வந்தா அது பெரிய சூசா, தொல்லை). மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு ஹார்மோன் கொறையலாம், ரத்தப் பரிசோதனையில தெரியும், ஆனா கேட்டாத்தான் எடுப்பாங்க. இன்னொன்னு மூளைக்குள்ள தண்ணி சேர்றது. முன்னால நல்லா நடந்தவங்க இப்ப கால தரையோட இழுத்து நடக்குறாங்க, ஒன்னுக்கு அடக்க முடியல, பேச்சும் மந்தமாகுதுன்னா அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காம கூட்டிட்டு போங்க, சிடி ஸ்கேன்ல தெரிஞ்சிரும். முன்னேறிட்டு வந்தவங்க பின்னால போனா அத சோம்பேறித்தனம்னு எடுத்துக்கவே கூடாது.

தம்பி, உங்கம்மா முன்னவிட மோசமா, இல்ல ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானா? அத எழுதுங்க.

8 நவம்பர் 2024

ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்னு தம்பி எழுதியிருக்காரு. சரி. அப்பவும் கேளுங்க. போறப்ப யாராவது ஒருத்தர் மட்டும் பேசுங்க, மத்தவங்க வெளியில கோப்பி குடிங்க. எங்க வீட்டுல மூணு பேர் போயி மூணு கதை சொன்னோம், டாக்டர் யார நம்புவாரு?

அமன்டடின்னு ஒரு மாத்திரை தலையில அடிபட்டவங்க தேற உதவுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கீங்க. 2012ல வந்த ஆய்வு அது, 184 பேர வச்சு செஞ்சது, மாத்திரை சாப்பிட்டவங்க கொஞ்சம் வேகமா தேறினாங்கங்குறது நெசம்தான். ஆனா அவங்கெல்லாம் அடிபட்டு 4 வாரத்துலேர்ந்து 16 வாரத்துக்குள்ள, இன்னும் நெனவு முழுசா திரும்பாம படுத்திருந்தவங்க. வீட்டுல சோஃபாவுல உக்காந்திருக்குற அம்மாவுக்கு அத அப்படியே தூக்கி வைக்க முடியாது. டாக்டர்கிட்ட கேக்கலாம், ஃபார்மசியில போயி கேக்காதீங்க.

10 நவம்பர் 2024, ஞாயிறு

இன்னைக்கு நேரம் இருக்கு, தையல் கதைய சொல்றேன்.

எங்கம்மா பிளவுஸ் தைக்கிறவங்க. ஜெலுத்தோங்ல பாதி பேரோட கல்யாண பிளவுஸ் எங்க வீட்டு முன்னறையில தச்சதுதான், தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே ஆர்டர் எடுக்குறத நிறுத்திருவாங்க. அடிபட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சும்மா மிஷின் முன்னால உக்கார வச்சோம். பாபின்ல நூல் சுத்தினாங்க, ஊசியில கோத்தாங்க, ரெண்டு துண்டு துணிய குடுத்ததும் நேரா ஒரு தையல் ஓட்டினாங்க பாருங்க, நான் ஜென்மத்துக்கும் அப்படி தைக்க மாட்டேன். அப்பா கண்ண தொடச்சுக்கிட்டாரு. அம்மா சரியாயிட்டாங்கன்னு நாங்களே முடிவு பண்ணி பக்கத்து வீட்டு அக்காகிட்டேர்ந்து துணி வாங்கி அம்மா மடியில வச்சோம்.

துணி மடியிலயே இருந்துச்சு. அம்மா அத தடவிட்டே இருந்தாங்க. வெட்டல. வெட்டுங்கம்மான்னதும் வெட்டினாங்க, லைனிங்க நனைச்சு காயவைக்காமலே, அளவு பிளவுஸ எடுத்து பாக்காமலே. கை பழகின வேலை மூளையில வேற எடத்துல பத்திரமா இருக்குமாம், பல வருஷமா செஞ்சது அவ்ளோ சுலபத்துல அழியாது. ஆனா எத முதல்ல செய்யணும், எத அடுத்து செய்யணும், துணி பத்தலன்னா என்ன பண்ணணும்னு யோசிக்கிறது வேற வேலை. அது முன்மூளை வேலை. ஒரு பிளவுஸுக்குள்ள இவ்ளோ யோசனை இருக்குன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.

அப்புறம் தெரபிஸ்ட் சொல்லிக்குடுத்தபடி அம்மாவோட பழைய ஆர்டர் புத்தகத்துலேர்ந்தே ஒவ்வொரு அடியா எழுதி மிஷின் மேல ஒட்டினோம். லைனிங்க நனை. காய வை. அளவு பிளவுஸ எடு. சாக்கால கோடு போடு. அங்க நிறுத்தி மகள கூப்பிடு. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். வெட்டுறதுக்கு முன்னால நான் பாப்பேன். இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு பிளவுஸ் வெளிய போகுது, எல்லாம் சொந்தக்காரங்களோடது, ஊக்கு வைக்கிறது மட்டும் நான்.

11 நவம்பர் 2024

"நான் யாரு சொல்லு பாப்போம்."

இத தடை பண்ணி சட்டம் போடணும். வர்றவங்கள்ல பாதி பேர் அம்மா மொகத்துக்கு நேரா குனிஞ்சு இதத்தான் கேப்பாங்க, அம்மா தப்பா ஒரு பேரு சொல்லுவாங்க, உடனே இல்ல இல்ல நல்லா யோசின்னு இன்னொரு தடவ. நெனவாற்றல் அடிபட்டவங்கள தப்பா ஊகிக்க விட்டா அந்தத் தப்புதான் பதியும், திருத்துனது பதியாது, ஏன்னா தப்பு சொன்னோம்ங்குறதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. 1994ல பேட்லியும் வில்சனும் இத ஆராய்ஞ்சு காட்டியிருக்காங்க, பிழையில்லாம கத்துக்குடுக்குற முறைன்னு இப்ப தெரபியில செய்றாங்க. அதனால வீட்டுல நாங்க சொல்றது: "அம்மா, நான் உங்க நாத்தனார் மக சாந்தா, சுங்கை பட்டாணியிலேர்ந்து வந்திருக்கேன்"னு முதல்லயே சொல்லிருங்க. (சாந்தா உண்மையான பேரு இல்ல, சாந்தாக்கள் யாரும் சண்டைக்கு வராதீங்க.)

ஒரு மாமா மட்டும் கேக்கவே மாட்டேன்னுட்டாரு. நான் யாருன்னு கேட்டாரு, அம்மா "கடன்காரன்"னாங்க. அவர் அப்பாகிட்ட வாங்கின காசு இன்னும் வரல. ஞாபகம் போச்சுன்னு எப்படி சொல்ல முடியும்.

15 நவம்பர் 2024

மொழி பத்தி ஒரு அக்கா கேட்டிருந்தீங்க, உங்கம்மாவுக்கு மலாய்தான் முதல்ல வந்துச்சுன்னு. எங்கம்மாவும் முதல்ல சொன்னது "சாக்கிட்" (மலாய்ல வலிக்குதுன்னு அர்த்தம்), மிஸ்ஸிகிட்ட. அடுத்து வந்தது ஹொக்கியன் (இங்க சீனர்கள் பேசுற ஒரு மொழி) எண்ணிக்கை! இட், ஜி, சா, சீ, கோன்னு படுக்கையில கெடந்து எண்ணுறாங்க, தெரபிஸ்ட் சீனப் பொண்ணு, அதுக்கு ஒரே ஆச்சரியம். துணிக்கடை சீனர்கிட்ட வருஷக்கணக்குல பேரம் பேசினது, டேப்ல அளவு எடுக்கும்போதுகூட ஹொக்கியன்லதான் எண்ணுவாங்க. வீட்டுல பேசின தமிழ் அதுக்கப்புறம்தான் முழுசா வந்துச்சு, அதுலயும் கொஞ்ச நாளு எங்க எல்லாரையும் நீங்க வாங்கன்னு மரியாதையா பேசினாங்க, அப்பாவுக்கு ஒரே குஷி.

பல மொழி பேசுறவங்களுக்கு மூளையில அடிபட்டா எல்லா மொழியும் ஒன்னா திரும்புறதில்ல. ரிபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சின்ன வயசுல படிச்ச மொழிதான் முதல்ல வரும்னாரு, பித்ர்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1895ல இல்ல, அதிகமா பழகினதுதான் வரும்னாரு. எங்கம்மா ரெண்டு பேரையும் மதிக்கல. நமக்கு இதுல உபயோகம் என்னன்னா, எந்த மொழியில வந்தாலும் அதுலயே பதில் சொல்லுங்க, தமிழ்ல சொல்லு தமிழ்ல சொல்லுன்னு படுத்தாதீங்க.

23 நவம்பர் 2024

காசு, பாரம் (விண்ணப்ப ஃபார்ம்). இத எழுதவே சோம்பலா இருக்கு, ஆனா நெறைய பேர் கேட்டுட்டீங்க.

தம்பி, உங்கம்மா வீட்டு அம்மா, 55க்கு கீழ. 2022 டிசம்பர் 1லேர்ந்து பெர்கேசோவுல (அரசாங்க சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சூரி ரூமா, அதாவது இல்லத்தரசிகள் திட்டம் இருக்கு, 12 மாசத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). வீட்டு வேலை பாக்குறப்ப வீட்டுல நடக்குற விபத்துக்கும் அதுல பாதுகாப்பு இருக்கு. யாராவது கட்டினாங்களான்னு அப்பாகிட்ட கேளுங்க. விழுறதுக்கு முன்னால கட்டியிருக்கணும், அந்த 12 மாசத்துக்குள்ள விழுந்திருக்கணும். இப்ப போயி கட்டி ஏப்ரல்ல விழுந்ததுக்கு கேக்க முடியாது. இத படிக்கிற மத்தவங்க உங்கம்மாவுக்கு இன்னும் கட்டலன்னா இன்னைக்கே கட்டுங்க, ஒரு தடவ குடும்பத்தோட வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுற காசுதான்.

ரோட்டு விபத்துன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட். வழக்கு போட தீபகற்ப மலேசியாவுல 6 வருஷம் இருக்கு, அதனால ஆஸ்பத்திரி வாசல்லயே கார்டு நீட்டி கையெழுத்து கேக்குறவங்ககிட்ட அவசரப்பட்டு போட்டுறாதீங்க. எங்ககிட்டயும் ஒருத்தர் வந்தாரு, அம்மா இன்னும் கண்ணே தொறக்கல, அவரு கமிஷன் பேசுறாரு. அப்புறம் விசாரிச்சு வேற வக்கீல பாத்தோம். வருமான இழப்பு கேக்கணும்னா விபத்து நேரத்துல சம்பாதிச்சுட்டு இருந்தாங்கன்னு காட்டணும், எங்கம்மாவுக்கு சம்பளச் சீட்டு ஏது? அந்த ஆர்டர் புத்தகம்தான் காப்பாத்துச்சு, பேரு, அளவு, கூலி, முன்பணம் எல்லாம் அம்மா கையெழுத்துல. சொந்தமா தைக்கிற, சமைக்கிற அம்மாக்கள்கிட்ட ஒரு கணக்குப் புத்தகம் வைக்கச் சொல்லுங்க.

ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு: ஜேகேஎம்ல (சமூக நல இலாகாவுல), டாக்டர் பாரத்துல எழுதி உறுதிப்படுத்தணும். 7 வகை இருக்கு, மூளைக்காயம்னு தனி வகை கிடையாது. கை கால் விளங்காதவங்களுக்கு உடல்னு போட்டுருவாங்க, உங்கம்மா மாதிரி நடந்துட்டு இருக்குறவங்களுக்குத்தான் எதுல போடுறதுன்னு தலைய சொறிவாங்க. அம்மா தனியா என்னென்ன செய்ய முடியல, எதெதுக்கு சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. அம்மா டாக்டர் முன்னால பளிச்சுன்னு பேசுவாங்க, அஞ்சு நிமிஷம் யாரா இருந்தாலும் பேசலாம்.

கேஎல்ல இருக்கீங்க, செராஸ் மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கேளுங்க. 2012லேர்ந்து இருக்கு, மறுவாழ்வுக்குன்னே கட்டினது.

2 டிசம்பர் 2024

ஒரு எச்சரிக்கை, சின்னதா. அம்மாவுக்கு வாசனை தெரியுதான்னு பாத்தீங்களா? தலையில அடிபட்டா மோப்ப நரம்பு அறுந்து போறது உண்டு, பல பேருக்கு திரும்பாது, ஆஸ்பத்திரியில யாரும் கேக்க மாட்டாங்க. எங்க வீட்டுல பெலாச்சான் (நாத்தமடிக்கிற எறா விழுது) கருகி லோரோங் (சந்து) முழுக்க ஜன்னல சாத்துறாங்க, அம்மா அடுப்பு பக்கத்துலயே நின்னு என்னாச்சுன்னு கேக்குறாங்க. சிரிச்சோம். அப்புறம்தான் கேஸ் ஞாபகம் வந்துச்சு, சிரிப்பு நின்னுச்சு. இப்ப இண்டக்‌ஷன் அடுப்பு. கெட்டுப்போன சாம்பாரும் தெரியாது, மிச்சம் இருக்குற சாப்பாட்டு மேல தேதி எழுதி ஒட்டறோம்.

16 டிசம்பர் 2024

தம்பி கேட்டது: "எல்லாத்துக்கும் சொல்லிட்டே இருந்தா அண்ணன் சொல்ற மாதிரி சோம்பேறி ஆகமாட்டாங்களா?"

இதுல உங்க அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அத சொல்லணும். போன்ல அலாரம் வச்சு அதுல தங்கச்சி குரல பதிஞ்சோம், "அம்மா பல்லு வெளக்குங்க" "அம்மா மாத்திரை". நான் சொன்னா முறைப்பாங்க, போன் சொன்னா கேப்பாங்க, போன்கூட எப்படி சண்டை போடுறது. பிரமாதமா வேலை செஞ்சுது. ஆனா போன் சார்ஜ் இல்லாம செத்த அன்னைக்கு அம்மா நைட்டியோட மத்தியானம் வரைக்கும் கட்டில்லயே இருந்தாங்க. அப்புறம் தெரபிஸ்ட் சொன்னது, சொல்லணும், ஆனா கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். முதல்ல முழுசா சொல்றது. பிறகு "காலையில அடுத்து என்னம்மா?"ன்னு மட்டும். பிறகு பிரஷ்ஷ கண்ணுல படுற எடத்துல வச்சுட்டு வாய மூடிக்கிறது. இதுல வாய மூடிக்கிறதுதான் கஷ்டம், நம்ம வீடுகள்ல யாருக்கு வரும் அது?

ஆனா நான் மேல சொன்னத இது மாத்தல. கொறைக்கிறது வேற, திடீர்னு விட்டுட்டு "பசிச்சா தானா வருவாங்க"ன்னு பாக்குறது வேற. எங்கப்பா அப்படி ஒரு நாள் பாத்தாரு. அம்மா வரல. சாயங்காலம் அப்பாவே தட்டோட போயி உக்காந்தாரு. அவருக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது, அதுக்கு முன்னால நான் சொன்னது எதுவும் புரியல.

29 டிசம்பர் 2024

வேர்னு சொன்னேன்ல, அத எழுதறேன். தங்கச்சி இத படிப்பா, படிக்கட்டும்.

காசு அனுப்புறவங்க யோசனையும் சேர்த்து அனுப்புவாங்க. அவ வர்ற வாரக் கடைசியில அம்மா நல்லா இருப்பாங்க, புது ஆளு, புது பேச்சு, கடைக்கு போலாமான்னா எழுந்துருவாங்க. அவ திங்கக்கெழம கேஎல் போயி "நான் இருந்தப்ப எல்லாம் செஞ்சாங்களே, நீ சரியா பாக்கலையா"ம்பா. நான் போன வைப்பேன். இது வருஷக்கணக்கா ஓடுச்சு. பிறகு அவ வேலைய விட்டு மாறுற நேரத்துல ஒரு மாசம் இங்க வந்து தங்கினா, நான் வேணும்னே ஒன்னும் சொல்லாம வேலைக்கு போயிட்டேன். ரெண்டாவது வாரத்துல அவளே ராத்திரி என் ரூமுக்கு வந்து கட்டில்ல படுத்துக்கிட்டு, ஒரு நாளைக்கு ஒரே விஷயத்த எத்தன தடவக்கா சொல்றதுன்னா. நான் ஒன்னும் சொல்லல. சொல்லியிருந்தா சண்டை.

தம்பி, உங்க அண்ணன் கூட இங்க விவாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. பள்ளி லீவுல ஒரு வாரம் அம்மாவ அவர் வீட்டுல விடுங்க. அண்ணிக்கு முன்கூட்டியே சொல்லிருங்க, பாவம்.

12 பிப்ரவரி 2025

நேத்து தைப்பூசம். அம்மாவுக்கு தேர் பாக்கணும்னு ஆசை, ஆசைன்னு தானா சொன்னாங்க, அதுவே எங்களுக்கு பெரிய விஷயம். ஆனா சத்தம் அவங்களுக்கு ஆகாது, தேர் வழியில தேங்கா ஒடைக்கிறத நீங்க பாத்திருப்பீங்க, ரோட்டுல கால் வைக்க எடமிருக்காது, தண்ணீர் பந்தல் ஒவ்வொன்னும் ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு. மூளை அடிபட்டவங்களுக்கு வேண்டாத சத்தத்த ஒதுக்குற சக்தி கொறைஞ்சிரும், எல்லாம் ஒரே அளவுல உள்ள வரும். அதனால பத்தாம் தேதி விடியக்காத்தாலயே, கூட்டம் சேர்றதுக்கு முன்னால, தேர் கெளம்புற பக்கமா போயி காதுல பஞ்சு வச்சு நின்னோம். வெள்ளித்தேர பாத்தாங்க. தங்கத்தேரும் பாக்கணும்னாங்க (2017லேர்ந்து அதுவும் வருதுல்ல), அதுக்குள்ள மொகம் சிவந்து எங்க எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழ ஆரம்பிச்சுட்டாங்க. களைப்பு அவங்களுக்கு கொட்டாவியா வராது, கோவமா வரும். அது தெரிஞ்சா சண்டை போடாம வீட்டுக்கு கூட்டிட்டு வந்துரலாம், வந்துட்டோம். நேத்து முழுக்க தூக்கம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் மட்டும் போனேன்.

பத்துமலைக்கு கூட்டிட்டு போலாமான்னு தம்பி கேட்டிருக்காரு. தைப்பூசத்தன்னைக்கு வேண்டாம்லா. சாதாரண நாள்ல காலையில போங்க, 272 படி இருக்கு, கீழயே கும்பிடுங்க.

3 மார்ச் 2025

தம்பி எழுதினத சுருக்கமா இங்க போடறேன், பின்னால படிக்கிறவங்களுக்கு ஆகும். ஸ்கேன்ல தண்ணி சேரல. ஹார்மோன் பாத்தாங்க, தைராய்டுக்கு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. வலிப்பு மாத்திரைய டாக்டரே மாத்தி குடுத்திருக்காரு. அம்மா இப்ப மத்தியானத்துல தூங்குறது கொறைஞ்சிருக்கு, ஆனா சோஃபா சோஃபாதான். எது மாத்திரையால, எது நாளாக ஆக வந்ததுன்னு பிரிச்சு சொல்ல முடியலன்னு எழுதியிருக்காரு. முடியாதுதான். அப்பாவோட மேசை டிராயர்ல பெர்கேசோ ரசீது ஒன்னு கெடச்சிருக்கு, தேதி 2023 கடைசி. அப்ப அந்த 12 மாசத்துக்குள்ளதான் விழுந்திருக்காங்க, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட எடுத்துட்டு கவுண்டருக்கு போங்க, வாட்சாப்புல கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

அண்ணன் வீட்டுல ஒரு வாரம் இருந்தாங்களாம். அண்ணன் இப்ப நடிக்கிறாங்கன்னு சொல்றதில்லையாம், டாக்டர்தான் சரியில்ல, வேற டாக்டர பாக்கணும்ங்குறாராம். சரி, அதுவும் ஒரு முன்னேற்றம்.

9 மார்ச் 2025

பிளவுஸ் தச்சு குடுப்பாங்களான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் இப்போதைக்கு. அவசரம்னா வேற எடம் பாருங்க, எங்கம்மாகிட்ட தேதி சொல்ல முடியாது, சொன்னா அவங்க அந்தத் தேதிய என்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாங்க.